பழைய காரின் சாவியும் பூட்டும்: கேள்வி பதில்

பழைய கார் வைத்திருப்பவர்கள் சாவி, பூட்டு பற்றி என்னிடம் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மெக்கானிக்காக ஆரம்பித்துப் பூட்டு வேலைக்கு வந்தவன் நான். யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: பூட்டின் முகத்தில், அதாவது சாவி நுழையும் பக்கத்தில், நம்பர் இருக்கிறதா, பார்த்தீர்களா?

சேலம்: அண்ணா, அப்பா ஓட்டிய 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னிடம் இருக்கிறது. ஒரே ஒரு சாவிதான். அதையும் ஆட்டி ஆட்டித்தான் திருப்ப வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் டூப்ளிகேட் போட்டேன். உள்ளே போகிறது, திரும்பவில்லை. போட்டுக் கொடுத்தவர் மேல் தப்பா?

அவர் மேல் தப்பே இல்லை தம்பி. அவர் உங்கள் சாவியை அப்படியே நகல் எடுத்திருக்கிறார். கோளாறே அதில்தான். இத்தனை வருடம் உள்ளே போய் வந்ததில் சாவியின் பற்கள் முனை மழுங்கி, ஒரு தாள் கனத்துக்காவது இறங்கியிருக்கும். பூட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகளும் தேய்ந்திருக்கும். அந்தச் சாவியும் அந்தப் பூட்டும் சேர்ந்து தேய்ந்தவை, அதனால் ஆட்டினால் ஒத்துப்போகும். நகலில் பழைய தேய்மானமும் வரும், மெஷினில் வரும் சின்னப் பிசகும் சேரும். தேய்ந்த சாவிக்கு நகல் எடுக்கவே எடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம்பரை வைத்து வெட்டுவதுதான் சரியான வழி. சென்னையில் தயாரான ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை ஒட்டியது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் சாவி நம்பரை இக்னிஷன் பூட்டின் முகத்திலேயே பொறித்திருப்பார்கள். பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. எஃப்.எஸ். என்று ஆரம்பித்து 876 முதல் 955-க்குள் ஓர் எண் இருந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். அந்த வரிசைச் சாவிகளை நம்பர் சொன்னால் வெட்டித் தரும் ஆட்கள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறார்கள், தபாலில் வரும். தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே புதுச் சாவி கிடைக்கும். தேய்ந்த பூட்டில்கூட அது பெரும்பாலும் இப்போதைய சாவியைவிடச் சுலபமாகத் திரும்பும்.

நம்பர் இல்லை, அல்லது பூட்டை நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால், அடுத்த பதிலைப் படியுங்கள்.

காரைக்குடி: ஐயா, வீட்டில் பல வருடம் பூட்டிக் கிடந்த காரின் கதவுச் சாவி தொலைந்துவிட்டது. பூட்டை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

உடைக்காதீர்கள், தயவுசெய்து. பல பழைய கார்களில் பூட்டு இருப்பது கைப்பிடிக்குள்ளேயே. உடைத்தால் அதே வடிவத்தில் இன்னொன்று தேடி அலைய வேண்டும். சாவி போனால் செய்துவிடலாம், கைப்பிடியைச் செய்ய முடியாது.

ஏதாவது ஒரு வழியில் கதவு திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உள்பக்க அட்டையைக் கழற்றிக் கைப்பிடியை வெளியே எடுங்கள். பேரலின், அதாவது சாவி நுழையும் உருளையின், பின்னால் இருக்கும் கிளிப்பையோ பின்னையோ எடுத்தால், பல கார்களில் பேரல் தனியாக உருவிக்கொண்டு வரும். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள்.

மறுநாள் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத ஓர் உருளை, அதன் வயிற்றில் வரிசையாகப் பித்தளைத் தகடுகள். சாவி இல்லாதபோது ஒவ்வொன்றும் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டல்தான் பூட்டைத் திரும்பவிடாமல் பிடிப்பது. சரியான சாவி போனால் எல்லாத் தகடும் ஒரே சமயத்தில் உருளையின் மட்டத்துக்கு வந்துவிடும். இது புரிந்தால் சாவி செய்வதும் புரியும். உங்கள் பூட்டின் துவாரத்துக்குப் பொருந்தும் பள்ளம் உள்ள, பல் வெட்டாத சாவி ஒன்றை உள்ளே விடுங்கள். எந்தத் தகடு எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. எடுத்து, துடைத்து, திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். விரலால் உருளையைத் தடவினால் எதுவும் நெருடக் கூடாது. அதுவரை இதே வேலைதான். அவசரப்பட்டு ஓர் இழுப்பு கூடிவிட்டால் அந்தத் தகடு மறுபக்கம் நீட்டிவிடும், புதுச் சாவி எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தகடுகளைக் கழற்ற வேண்டி வந்தால் வெள்ளை வேட்டித் துணியை விரித்து, அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் அரிசியைவிடச் சின்ன ஸ்பிரிங் இருக்கும். சிமெண்டுத் தரையில் அது துள்ளினால் அவ்வளவுதான். தகடுகளை எடுத்த வரிசையிலேயே அடுக்குங்கள், வரிசை மாறினால் சாவியும் மாறிவிடும்.

யாழ்ப்பாணம்: வணக்கம் அண்ணை. எங்கட வீட்டில 1953 ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சமர்செட் நிக்குது. திறப்பு துலைஞ்சு போச்சு. இக்னிஷன் சுவிட்சையே கழட்டி எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போகலாமோ?

போகலாம். சாவியைத் திறப்பு என்று உங்கள் பக்கம் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம், வேலைக்கேற்ற சொல் அது.

கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். உங்கள் ஏ40 பாசிட்டிவ் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்திருப்பது பிளஸ் முனை. பாடிக்குப் போகும் அந்தக் கம்பியைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மைனஸ்தான் எர்த் என்ற பழக்கத்தில் மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்பு பறக்கும். சுவிட்சுக்குப் பின்னால் லூகாஸ் வயரிங்கின் பழுப்பு வயர் எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை வயர் சாவி போட்ட பிறகு கரண்ட் வருவது. பழைய வயர்களில் நிறம் வெளிறியிருக்கும். எடுக்கும்போதே ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு கட்டிவிடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் பழைய கார் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய சுவிட்சே அகப்பட்டாலும், உங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதன் முகத்தில் இருக்கும் நம்பர்தான் உங்கள் காருக்கு உரியது.

மதுரை: சார், சாவி இக்னிஷனுக்குள் பாதியில் உடைந்துவிட்டது.

பசை தொட்டு ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசை தகடுகளுக்குள் இறங்கினால் பூட்டே போச்சு. நகைப் பட்டறையில் மெல்லிய வாள் பிளேடு வைத்திருப்பார்கள், ஒன்று வாங்குங்கள். பிளேடின் பற்கள் உங்களைப் பார்த்திருக்கும்படி சாவியின் பக்கமாக நுழைத்து, லேசாகத் திருப்பிக் கொக்கிபோல் மாட்டி இழுங்கள். ஆனால் பூட்டு, சாவியைப் போட்டு எடுக்கும் நிலையில் நிற்க வேண்டும். பாதி திரும்பிய நிலையில் என்ன இழுத்தாலும் வராது. வெளியே வந்த துண்டைப் பத்திரப்படுத்துங்கள், இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அளவெடுக்கலாம்.

திருநெல்வேலி: கதவுப் பூட்டு இறுக்கமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இரண்டு நாள் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் தூசி ஒட்டியிருக்கும். எண்ணெய் வேண்டாம். பெட்ரோலால் கழுவி, காய்ந்ததும் கிராஃபைட் பொடி போடுங்கள். அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சாவியின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்துப் பத்துத் தடவை போட்டு எடுங்கள்.

கோயம்புத்தூர்: அம்பாசடருக்கு மூன்று சாவி வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன். ஒரே சாவியாக மாற்ற முடியுமா?

முடியும். 2014 வரை தயாரான கார், செட்டாகவே பூட்டு கிடைக்கும். சென்னை என்றால் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் நான் அதைச் செய்யமாட்டேன். மூன்று பூட்டும் ஒரே வகையாக இருந்தால், பேரல்களைப் பிரித்துத் தகடுகளை இடம் மாற்றிப் போட்டுப் பெரும்பாலும் ஒரே சாவிக்குக் கொண்டுவந்துவிடலாம். பழைய பேரலும் தப்பிக்கும், செலவும் குறைவு.

சென்னை: அண்ணா, ஒரு சாவி பல கார்களுக்குப் பொருந்துமாமே? அப்படியானால் பாதுகாப்பு?

பொருந்தும். நான் சொன்ன எஃப்.எஸ். வரிசையில் மொத்தம் 80 சாவிதான். அதற்கும் முந்தைய ஃபோர்டு மாடல் டி-யில் இன்னும் குறைவு, 51 முதல் 74 வரை 24 நம்பர்கள். அந்தக் காலத்துக்கு அது போதும், இன்றைக்குப் போதாது. பல பழைய கார்களில் ஸ்டியரிங் பூட்டும் கிடையாது. பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றைக் கண்ணில் படாத இடத்தில் பொருத்துங்கள். காரில் ஓட்டை போட வேண்டியதில்லாத மாடலாக வாங்குங்கள்.

அப்புறம், நம்பரைத் தெரிந்துகொண்டதும் நோட்டில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வீட்டில் வையுங்கள். டேஷ்போர்டில் வேண்டாம். பூட்டின் முகத்தில் தெரியும் நம்பரை யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பவும் வேண்டாம், அதை வைத்துச் சாவி வெட்டிவிடலாம். சேலம் தம்பி, புதுச் சாவி கைக்கு வந்தவுடன் அதை ஓட்டுவதற்கு வைத்துக்கொண்டு, அப்பாவின் பழைய சாவியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.