பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வீட்டிலேயே ஏடிஎஃப் மாற்றலாமா? கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

என் 2009 ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்குக்கு நானே ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், மாற்றிக்கொள்கிறேன் என்று பெங்களூரு நண்பர்கள் நாலு பேரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து கேள்விக்குக் குறைவில்லை. நான் மெக்கானிக் இல்லை. கை கறுத்துக் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

கே (அல்சூர்): அண்ணா, என் வண்டி 1,20,000 கி.மீ. ஓடிவிட்டது. ஒரு தடவைகூட ஏடிஎஃப் மாற்றியதில்லை. இப்போது போய் மாற்றினால் கியர்பாக்ஸே போய்விடும் என்கிறார் மெக்கானிக். நிஜமா?

பாதி நிஜம். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை தேயத் தேய அந்தத் தூள் ஆயிலில்தான் கலக்கும், ஆயிலும் கறுக்கும். நம் ஆட்கள் பல வருஷம் கண்டுகொள்ளாமல் ஓட்டிவிட்டு, கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் ஞாபகம் வந்து ஓடுகிறார்கள். மாற்றிய இரண்டாவது வாரம் கியர்பாக்ஸ் படுத்துவிட்டால் பழி புது ஆயில் மேல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அதனால் முதலில் வண்டியைக் கவனியுங்கள் தம்பி. டி போட்ட பிறகு இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறதா? மேம்பாலம் ஏறும்போது ஆர்பிஎம் எகிறி, வேகம் மட்டும் ஏறாமல் இருக்கிறதா? அப்படியென்றால் ஆயில் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, கியர்பாக்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இதெல்லாம் இல்லாமல் ஒழுங்காக ஓடுகிறதென்றால் தைரியமாக மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் முழுவதும் வேண்டாம். டிப்ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, எடுத்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்பு என்றால் பிரச்சினையே இல்லை. பழுப்பு என்றால் மாற்றும் நேரம். கறுப்பாக, தீய்ந்த வாடை அடித்தால் ஏற்கெனவே தாமதம்.

கே (எச்எஸ்ஆர் லேஅவுட்): 'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்று வண்டி விற்றவர் சொன்னாரே சார்?

யாருடைய லைஃப் என்று கேட்டீர்களா? கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தினம் ஒரு மணி நேரம் ஊர்ந்து போகும் வண்டிக்கு நான் 40,000-க்கு ஒரு முறை மாற்றுகிறேன், அது என் கணக்கு.

கே (பானஸ்வாடி): போல்ட்டைக் கழற்றினால் பாதி ஆயில்கூட வராதாமே. மெஷின் வைத்து முழுக்க மாற்றித் தருகிறோம் என்கிறார்கள், செய்யலாமா?

பாதி வராது, உண்மைதான். மீதி, என்ஜின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் 6 லிட்டர், இறங்குவது இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையில் 42 சதவீதம் புதுசு, இரண்டாவது தடவையில் 66, மூன்றாவதில் 80. எனக்கு இது தாராளம். நடுவில் ஒவ்வொரு முறையும் வண்டி ஓடி ஆயில் கலக்க வேண்டும், சென்னைக்கு ஒரு தடவை போய் வந்தால் எழுநூறு கிலோமீட்டர் ஆகிவிடும். என்ன ஆயில் எங்கே ஓடியது என்று தெரியாத பழைய வண்டியில் மெஷின் வைக்க எனக்கு மனசு வராது.

கே (மாரத்தஹள்ளி): அண்ணே, செய்முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் போதும். டிராஃபிக்கில் வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். சமதளமான இடம், பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது, இதில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். எல்லாம் வடிந்த பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும். இறக்கும் போல்ட் எது என்பதிலும் கவனம் வேண்டும், என்ஜின் ஆயிலை இறக்கிவிட்டு ஏடிஎஃப்பை ஊற்றியவர்கள் உண்டு. ஹோண்டாவில் இதற்கு ஸ்பானரே வேண்டாம், 3/8 அங்குல ராட்சட்டின் சதுர முனை அப்படியே போல்ட்டில் பொருந்தும். போல்ட் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சகஜம், துடைத்துவிடுங்கள். கையில் குத்துகிற மாதிரி உலோகச் சில்லு இருந்தால் கவலைப்படுங்கள். வாஷர் புதுசு போடுங்கள், முறுக்குவது ஹோண்டாவுக்கு 49 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் பலத்தைக் காட்ட வேண்டாம், கியர்பாக்ஸ் உடல் அலுமினியம், மரை போய்விடும்.

இறங்கிய ஆயிலை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்து, அதே அளவு புதுசு ஊற்றுங்கள். முதல் தடவை நான் செய்த கூத்து இங்கேதான். மேனுவலில் மொத்தக் கொள்ளளவைப் பார்த்துவிட்டு கையில் இருந்த நாலு லிட்டரையும் ஊற்றிவிட்டேன், இறங்கியதோ இரண்டரை. அதிகமானால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலை நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் பிடிக்காது. மடிவாளா வரைக்கும் உதறிக்கொண்டே போய், திரும்பி வந்து பெரிய சிரிஞ்சில் டியூப் மாட்டி டிப்ஸ்டிக் துளை வழியாக ராத்திரி பதினொரு மணி வரை உறிஞ்சினேன்.

கடைசியில் அளவு பார்ப்பது. ஹோண்டாவில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் அளவு சூடேற்றி, என்ஜினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள பழைய டொயோட்டா, ஹூண்டாய் வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே பார்ப்பது. ஒன்றின் முறையை இன்னொன்றில் செய்தால் தப்பான அளவுதான் காட்டும். டிப்ஸ்டிக் துடைக்க நூல் உதிரும் பழைய பனியன் வேண்டாம், ஒரு நூல் போதும் வால்வை அடைக்க.

கே (இந்திரா நகர்): என் வண்டியில் டிப்ஸ்டிக்கே இல்லையே?

அப்படியென்றால் அடியில் வழிந்தோடும் துளை இருக்கும். மேனுவலில் சொன்ன ஆயில் வெப்பநிலையில், என்ஜின் ஓட, அந்தப் போல்ட்டைத் திறந்தால் மெலிதாக வழிந்து நிற்க வேண்டும். வண்டி நாலு பக்கமும் சமமாகத் தூக்கியிருக்க வேண்டும், வெப்பநிலை பார்க்க ஸ்கேனர் வேண்டும். முதல் முயற்சிக்கு இது வேண்டாம், லிஃப்ட் உள்ள கடைக்குப் போங்கள்.

கே (சிவாஜி நகர்): ஜே.சி. ரோட்டில் 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று ஓர் ஏடிஎஃப் கொடுக்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே சைஸ் செருப்பு மாதிரி. உங்கள் மேனுவலில் உள்ள பெயர் கேனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய ஹோண்டா மேனுவலில் இசட்1 என்று இருக்கும், அதற்குப் பதிலாக அவர்களே கொண்டுவந்ததுதான் டிடபிள்யூ-1, அதை ஊற்றலாம். பழைய ஹூண்டாய் நாலு கியர் வண்டிகளில் பலவற்றுக்கு எஸ்பி-3. சிவிடி, அதாவது கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக், என்றால் ஆயிலே வேறு, அதில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கும். ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதிவில் வேலையில்லை, உங்களுடையது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிக்கவும் கியர் மாற்றவும் மட்டும் ஒரு எந்திரம்.

கே (கே.ஆர். புரம்): ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது சார்.

வண்டியை எடுக்காதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் கிளட்ச் பட்டையின் பசை விட்டுவிடும். டோ செய்து இன்றைக்கே காட்டுங்கள்.

கே (சி.வி. ராமன் நகர்): பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள், ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய் வழியாக அது ஏரிக்குத்தான் போகும், பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும் பற்றி எரிந்ததையும் பார்த்த ஊர் இது. மூடி இறுக்கி, பழைய ஆயில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கே (ஒயிட்ஃபீல்டு): என் கணவர் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கப் போகிறாராம். தடுக்கவா?

தடுக்க வேண்டாம் அம்மா, சனிக்கிழமை காலையில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஞாயிறு பாதிக் கடை பூட்டியிருக்கும், திங்கள் ஆபீஸ் போக வண்டி வேண்டும். வாஷர் மட்டும் இரண்டு வாங்கி வரட்டும், ஒன்று கட்டாயம் உருண்டு பேஸ்மென்ட் சாக்கடைக் கம்பிக்குள் போகும்.