காவடி விரதமும் லித்தியம் மாத்திரையும்: நண்பருக்கு என்ன உரிமை உண்டு?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: “பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய நண்பனுக்கு 3 ஆண்டுகளுக்கு முன் பைபோலார் (இருமுனை மனநோய்) என்று சொல்லி லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகு வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். இப்போது தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, விரதத்தில் மாத்திரை கூடாது என்று 9 நாட்களாக நிறுத்திவிட்டான். இரவில் 3 மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. மஷோனிசாவிடம் (கந்துவட்டிக்காரரிடம்) கடன் வாங்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் வேட்டி சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன் மாமா அழைத்து வந்த ஒருவர், இது ஏவல் என்றும், அதை எடுக்க 12,000 ராண்ட் ஆகும் என்றும் சொல்கிறார். அவன் அம்மாவோ, ‘வெளியே சொல்லிவிடாதே தம்பி’ என்று அழுகிறார். நான் வெறும் நண்பன். நட்பும் கெடாமல் நான் என்ன செய்ய முடியும்?”

மனநலச் செவிலியராக டர்பனில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். முதலில் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்றோ, தவறினால் நாளையோ, உங்கள் நண்பரை அவருக்கு மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடமோ கிளினிக்கிலோ கொண்டுபோய்க் காட்ட வேண்டும். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால், அடுத்த சில வாரங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. தூக்கம் குறைவதும், பணம் தண்ணீராய் ஓடுவதும், பேச்சு நிற்காமல் போவதும், மருத்துவர்கள் மேனியா என்று சொல்லும் எழுச்சி நிலை தொடங்குவதன் அடையாளங்கள். இந்தக் கட்டத்தில் மருத்துவர் பார்த்துவிட்டால், பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே மீட்டுவிடலாம். இன்னும் ஒரு வாரம் கழித்தால் மருத்துவமனைப் படுக்கையைத் தேட வேண்டியிருக்கும். விட்டுப்போன மாத்திரைகளையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்பீர்கள். எழுச்சி நிலையில் இருப்பவரிடம் நோயைப் பற்றி வாதாடி யாரும் வென்றதில்லை. தனக்கு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது என்று அவர் உறுதியாக நம்புகிறார். நீங்கள் மறுத்தால் நீங்களும் எதிரிகளின் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். தூக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். “காவடி தூக்கிக்கொண்டு நடக்க உடம்பில் தெம்பு வேண்டுமே, நீ தூங்கி எத்தனை நாளாயிற்று, தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம், நான் கூட வருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். தூக்கமில்லாமல் உடம்பு படும் பாடு அவருக்கே தெரியும் என்பதால், அந்த வாசலைப் பெரும்பாலோர் சாத்துவதில்லை.

விரதத்தைப் பற்றி, நீங்கள் முருகனை விட்டுவிடச் சொல்வதாக அவர் நினைத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே கோயில் குருக்களிடம் அவரையே அழைத்துக்கொண்டு போய், மருந்து விரதத்தை முறிக்குமா என்று கேளுங்கள். நான் அறிந்த குருக்கள் எல்லோரும், நோய்க்கான மருந்தை விரதத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆலோசனை அறையில் ஒரு மணி நேரம் பேசியும் நடக்காதது, சந்நிதியில் குருக்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் நடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தத் தைப்பூசத்துக்கு உடல்நிலை இடம் கொடுக்காவிட்டால், பங்குனி உத்திரமும் சித்ரா பருவமும் (சித்ரா பௌர்ணமி) வருகின்றன. நேர்த்திக்கடனை அப்போது செலுத்தலாம்.

மருந்தைத் திரும்பத் தொடங்கிய பிறகு வரும் ஆபத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதை வீட்டில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. லித்தியம் ஒரு வகை உப்பு. உடம்பில் சாதாரண உப்பும் தண்ணீரும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு ஏறும். நோய் திரும்பாமல் காக்கப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருந்தால் போதும்; 1.5-ஐத் தாண்டினால் நச்சு. இடைவெளி அவ்வளவு குறுகியது. தைப்பூசம் வருவதோ நம் நாட்டின் கடும் கோடையில். தை மாதத்து டர்பன் வெயிலில், வெறுங்காலோடு, வியர்க்க வியர்க்க, ஒருவேளை உணவோடு நடப்பவருக்கு உப்பும் தண்ணீரும் எவ்வளவு இழப்பாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே உப்பில்லா விரதம் அவருக்குக் கூடாது. தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. கால்வலிக்கு என்று புரூஃபென் (இபுபுரூஃபன்) போன்ற வலி மாத்திரைகளை யாராவது நீட்டுவார்கள். அவையும் லித்தியத்தின் அளவை ஏற்றும். வலி இருந்தால் பனாடோ (பாராசிட்டமால்) போதும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது ஆகியவை தெரிந்தால், குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடாமல், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு இரத்தம் கொடுக்கப் போனால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

இனி, “நான் வெறும் நண்பன்” என்று நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நம் மக்களில் பலர் இதே எண்ணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையை மறுக்கும் ஒருவருக்காக விண்ணப்பம் கொடுக்கக்கூடியவர்களின் வரிசையில், கணவன் மனைவி, நெருங்கிய உறவினர், வாழ்க்கைத் துணை, பெற்றோர், பாதுகாவலர் ஆகியோரோடு, நோயாளியின் நலனில் உண்மையான அக்கறை உள்ளவரையும் அவரோடு நெருங்கிப் பழகுபவரையும் சேர்த்திருக்கிறது. 20 ஆண்டு பழகி, வாரந்தோறும் வீட்டுக்குப் போய்வரும் நண்பர் அந்தச் சொற்களுக்குள் அடங்குவார். அம்மா கையெழுத்துப் போட அஞ்சினாலும், மாமா தடுத்தாலும், நீங்கள் விண்ணப்பிக்கலாம். உறவினர் யாரும் முன்வராதபோது மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற கட்டுப்பாடு மருத்துவப் பணியாளர்களுக்கு உண்டே தவிர, உங்களுக்கு இல்லை. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மருத்துவமனைக் கவுண்டரில் இருப்பவர்களில் சிலருக்கே இது தெரியாமல், “குடும்பத்தாரை வரச் சொல்லுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடுவதுதான். அப்படிச் சொன்னால், இந்த விண்ணப்பத்துக்கான எம்எச்சிஏ 04 (MHCA 04) என்ற படிவத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பொறுப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பம் கொடுப்பதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் நீங்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்த தேதி, நேரம், இடம் மூன்றையும் படிவத்தில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசியதைக் கணக்கில் வைத்துக்கொள்ளாமல், நேரில் போய்ப் பாருங்கள். அதன் பிறகு இரண்டு மனநலப் பணியாளர்கள் அவரைத் தனித்தனியே பரிசோதிப்பார்கள். தேவை என்று கண்டால் 72 மணி நேரம் வைத்துக் கவனிப்பார்கள். அதற்கு மேலும் அவரை வைத்திருப்பதானால், அதை மனநல மறுஆய்வுக் குழுவும் உயர் நீதிமன்றமும் பார்க்க வேண்டும். ஆகவே, உங்கள் ஒரு கையெழுத்தால் நண்பரைக் காலமெல்லாம் பூட்டிவைத்துவிடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. அவர் தானாகவே வரச் சம்மதித்தால் இந்தப் படிவமே வேண்டாம். அதற்குத்தான் முதலில் முயல வேண்டும்.

அவர் தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு செய்துவிடுவார் என்ற நிலை வந்தால் காவல்துறையின் 10111-க்குக் கூப்பிடுங்கள். குற்றம் நடந்தால்தான் வருவோம் என்று காவலர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு, காவலர் தாமே கண்டோ மனநலப் பணியாளர் சொல்லியோ அப்படி ஓர் ஆபத்து இருப்பதாக நம்பினால், அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது காவலரின் கடமை என்கிறது. அதனால் கிளினிக் செவிலியரையே காவல் நிலையத்தோடு பேச வையுங்கள். வேலை விரைவில் நடக்கும்.

இப்போது அந்த 12,000 ராண்டைப் பற்றிப் பேசுகிறேன். பிரார்த்தனை செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுபவள்தான். ஆனால் முன்பணம் கேட்பவரும், மாத்திரையை நிறுத்தச் சொல்பவரும், ஒரு வாரம் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்பவரும் உங்கள் நண்பரின் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. அப்படி விடப்பட்டுக் கயிற்றுத் தழும்போடு எங்கள் வார்டுக்கு வந்தவர்களின் கைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். மறுவாழ்வு இல்லம் என்று பலகை மாட்டிய வீடுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: மாகாண சுகாதாரத் துறையின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். கௌட்டெங் மாகாணத்தில் 2016-இல் லைஃப் எசிடிமேனி என்ற மனநலப் பராமரிப்பு மையங்களின் நோயாளிகளை அரசாங்கமே செல்லத்தக்க உரிமம் இல்லாத இல்லங்களுக்கு மாற்றி, 144 பேர் இறந்துபோனதை நாம் யாரும் மறக்கக் கூடாது. அரசாங்கமே சரிபார்க்காமல் அனுப்பும் நாட்டில், நாம்தான் ஒவ்வொரு கதவையும் தட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மஷோனிசா விஷயத்தில், நண்பரின் வங்கி அட்டையோ, ரகசிய எண்ணோ, அடையாள அட்டையோ கடன் கொடுத்தவரிடம் இருந்தால் அதைத் திரும்பக் கேளுங்கள். அவற்றை ஈடாகப் பிடித்துவைப்பது தேசியக் கடன் சட்டத்தின்படி குற்றம். வட்டிக்குக் கொடுப்பவர் தேசியக் கடன் ஒழுங்காற்று அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பதிவில்லாதவருடைய மிரட்டலுக்குப் பயந்து, நீங்கள் உங்கள் சம்பளத்திலிருந்து கட்டத் தொடங்காதீர்கள். ஒருமுறை கட்டினால் மறுமுறையும் உங்கள் கதவையே தட்டுவார்கள்.

உங்கள் நண்பருக்கு மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) இருந்தால் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். பைபோலார், எல்லாத் திட்டங்களும் கட்டாயம் செலவேற்க வேண்டிய நீண்டகால நோய்களின் பட்டியலில் இருக்கிறது. திட்டத்தில் உள்ள சேமிப்புப் பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மாத்திரைக்கு அவர் கையிலிருந்து பணம் கட்டச் சொன்னால், நீண்டகால நோய்ப் பதிவுப் படிவத்தை மருத்துவர் நிரப்பி அனுப்பினாரா என்று பாருங்கள். பலருக்கு அந்த ஒரு படிவம் போகாமலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

அம்மா, வெளியே சொல்லாதே என்கிறார். ஊருக்குச் சொல்ல வேண்டாம்; மருத்துவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவர் உங்களிடம் நண்பரின் கோப்பைப் பற்றிப் பேச முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை. எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எவ்வளவு செலவு செய்தார், எந்தத் தேதியில் மாத்திரையை நிறுத்தினார் என்பதை ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வெளியே நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில், பத்து நிமிடத்தில் ஒரு மனிதரின் மூன்று மாதத்தைப் புரிந்துகொள்ளச் சொல்கிறது இந்த அமைப்பு. அந்தத் தாள் இல்லாவிட்டால் உங்கள் நண்பர் அந்தப் பத்து நிமிடமும் சிரித்த முகத்தோடு பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

எழுச்சி அடங்கிய பிறகு பெரும்பாலும் ஒரு தாழ்வு வரும். செய்ததெல்லாம் நினைவுக்கு வரும், கடன்காரர் வருவார், வெட்கம் பிடுங்கித் தின்னும். எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டு விலகிப்போகும் அந்த வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள்; வீட்டில் இருக்கும் மாத்திரைகளை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் லித்தியம் மொத்தமாக விழுங்கினால் உயிரைப் பறிக்கும். 0800 567 567 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

நட்பு கெடுமா என்ற உங்கள் கவலைக்கு, நோய் தணிந்திருக்கும் நாட்களில்தான் மருந்து இருக்கிறது. நன்றாக இருக்கும்போது இருவரும் உட்கார்ந்து, எந்தெந்த அடையாளம் தெரிந்தால் நீங்கள் பேசலாம், யாருக்குத் தகவல் சொல்லலாம், வங்கி அட்டையை எப்போது உங்களிடம் ஒப்படைப்பார் என்பதை அவர் கைப்பட எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் நீட்டுவது அவர் எழுதிய தாளாகவே இருக்கும். மற்ற நாட்களில் அவர் சற்று உரக்கச் சிரித்தாலோ கோபப்பட்டாலோ “மாத்திரை போட்டாயா” என்று கேட்காதீர்கள். எங்கள் நோயாளிகள் எல்லாவற்றையும்விட வெறுக்கும் கேள்வி அதுதான்.

இன்று மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் அம்மாவிடம் மாத்திரை அட்டையையும், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளையும், கிளினிக் அட்டையையும் வாங்கி ஓர் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அரசு கிளினிக் என்றால் காலை 6 மணிக்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்; அவரை உட்கார வைத்துவிட்டு வரிசையில் நீங்கள் நில்லுங்கள், குடிக்கத் தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் எடுத்துப் போங்கள்.