கோமாளி மீனுக்காகப் பவளத் தொட்டியில் அனிமோன் சேர்க்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். மூன்றடி உப்புநீர்த் தொட்டி வைத்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், சில காளான் பவளங்கள், கொஞ்சம் சோவா (பூப்போல விரியும் சிறு பவளம்) இருக்கின்றன. கொளத்தூர்க் கடை ஒன்றில் பால்வெள்ளை நிறத்தில் அழகான அனிமோன் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்:

அந்த வெள்ளை அனிமோனை வாங்காதீர்கள். அனிமோன் என்பது கடலில் கோமாளி மீன் குடியிருக்கும், பூப்போலத் தெரியும் உயிரி. அனிமோனின் திசுவுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. ஒளியிலிருந்து உணவு தயாரித்து அதற்குக் கொடுப்பது அந்தப் பாசிதான். பிடித்துக் கொண்டுவரும் வழியில் பட்ட பாட்டில் அந்தப் பாசியைத் துப்பிவிட்டால்தான் இப்படி வெளுக்கும். கடை விளக்கில் கண்ணைப் பறிக்கும் அந்த வெண்மை பட்டினியின் நிறம். கண்கூசும் மஞ்சளில் இருப்பவையும் பெரும்பாலும் வெளுத்த பிறகு சாயம் ஏற்றியவை. பழுப்பு, மங்கிய பச்சை, இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு என்று சற்றுச் சாதுவான நிறத்தில் இருப்பதைத் தேடுங்கள். வாய் இறுக மூடியிருக்க வேண்டும், அடிப்பாதத்தில் கிழிசல் இருக்கக் கூடாது. இரண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கும் கடையில் உப்பு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

நல்ல அனிமோன் கிடைத்தாலும் ஐந்து மாதத் தொட்டிக்கு அது சீக்கிரம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் மீனுக்குப் போதும். அனிமோனுக்கோ உப்பின் அளவு (ஒப்படர்த்தி) 1.025 பக்கத்திலும், காரத்தன்மை 8 முதல் 10 dKH வரையிலும், வெப்பம் 25, 26 டிகிரியிலும் வாரக்கணக்கில் ஆடாமல் நிற்க வேண்டும். ஓராண்டு போகட்டும் என்பேன்.

பவளத்தோடு சேர்ப்பதில் உள்ள உண்மையான சிக்கல் வேறு. பவளத்தைப் பசை வைத்து ஒட்டினால் ஒட்டிய இடத்தில் இருக்கும். அனிமோனுக்குக் காலும் உண்டு, தன்னிஷ்டமும் உண்டு. விளக்கணைந்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பாறை இடுக்கில் பதிந்திருக்கும் பாதத்தின் ஒரு விளிம்பு மட்டும் தளர்ந்து, மெல்லிய சவ்வாக முன்னால் விரியும். அந்த விளிம்பு பிடித்துக்கொண்டதும் பின்பக்கம் சுருங்கி இழுபடும். கண்ணுக்கு அசைவே தெரியாது, விடிந்து பார்த்தால் ஒரு சாண் தள்ளி நிற்கும். போன வழியில் சோவாக்கள் மொட்டுப்போல மூடிக் கிடக்கும். அதிக நேரம் உரசிய இடத்தில் திசு வெளுத்துக் கரையத் தொடங்கியிருக்கும். உணர்கொம்புகள் முழுக்கக் கொட்டும் செல்கள் அல்லவா? காளான் பவளமும் சும்மா இருக்காது, அதுவும் திருப்பிக் கொட்டும்.

வெளிச்சமும் நீரோட்டமும் பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் நகராது. ஆகவே முதலில் அனிமோன், பிறகு பவளம் என்பதே சரியான வரிசை. உங்களிடம் பவளம் முந்திக்கொண்டது. பரவாயில்லை. தொட்டியின் ஒரு பக்கம் மற்றப் பாறைகளைத் தொடாமல் தனிப் பாறை ஒன்றைத் தீவு போல வையுங்கள். சுற்றிலும் ஒரு சாண் மணல் வெறுமையாக இருக்கட்டும். பாறையில் பாதம் நுழையும் ஆழமான இடுக்கு இருப்பது முக்கியம். இதற்கு ஏற்றது, உணர்கொம்பு நுனி குமிழ் போல உப்பியிருக்கும் பபிள் டிப் வகை. கார்பெட் வகையை உங்கள் தொட்டியில் நினைக்கவே வேண்டாம், அது பெரிதாக விரியும், மீனையும் பிடித்துத் தின்னும். தீவு வைத்தாலும் உத்தரவாதம் கிடையாது, ஆனால் வெறும் மணலைத் தாண்ட பபிள் டிப் பொதுவாகத் தயங்கும். நீரோட்டம் உண்டாக்கும் விசிறியான வேவ்மேக்கருக்கு ஸ்பாஞ்சு உறையோ வலையோ போடாமல் அனிமோனை இறக்கவே கூடாது. இரவில் உலவும் அனிமோன் விசிறியில் சிக்கினால் காலையில் தொட்டி முழுக்கத் துணுக்குகள்தான். தோல் பவளம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். தோல் பவளம் நீரில் கசியவிடும் வேதிப்பொருள்கள் அக்கம்பக்கத்தில் உள்ளவற்றை நலிவடையச் செய்யும்.

கல் பவளம் யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவை இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் பெயர்த்து வந்ததை வரவேற்பறையில் வைத்துப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லைகள் தனி. காசிமேட்டில் கேன் நிரப்பி வந்தால் உப்புச் செலவு மிச்சம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். படகு டீசல் மிதக்கும் துறைமுகத் தண்ணீர் அது. எண்ணூர்ப் பக்கம் 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் படர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் கொசஸ்தலை வெள்ளம் கலந்து உப்பும் குறைந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிக்ஸ் கலப்பதே வழி. மீஞ்சூர் ஆலையில் கடல்நீரின் உப்பை நீக்கி வடசென்னைக்குக் குழாயில் அனுப்புகிறார்கள், நாம் காசு கொடுத்து அதில் மறுபடி உப்பைப் போடுகிறோம்!

மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அனிமோன் தாங்காது. மேலே விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கும். ஆகவே தினமும் ஈடுசெய்ய ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும், உப்புநீராக அல்ல. மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் போய்க் கிடந்த தெருக்களை நினைத்துப் பார்த்து, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையாவது வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் கோமாளி மீனுக்காக என்றால் அதற்குத் தேவையே இல்லை. அனிமோன் இல்லாமலே தொட்டியில் நன்றாக வாழும், முட்டையும் இடும். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஆசலாரிஸ் கோமாளி கடலில் பபிள் டிப்பில் குடியிருப்பதே இல்லை. தொட்டியில் சில ஜோடிகள் உடனே ஏற்றுக்கொள்ளும், சில ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பார்க்காமல் பம்ப் மூலையிலேயே தூங்கும். மீனுக்காக அல்லாமல் அனிமோனையே விரும்புகிறவர் மட்டும் வாங்கட்டும்.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை, சுண்டுவிரல் நகம் அளவு இறால் துண்டு போதும். அவ்வப்போது சுருங்கிப் பழுப்பு நிறக் கழிவைத் துப்பும், பதற வேண்டாம். வாய் பிளந்தபடி தொங்கி, பாதம் எதையும் பற்றாமல், கையில் எடுத்தால் அழுகல் வாடை வந்தால் அந்த நிமிடமே வெளியே எடுத்துவிடுங்கள். நல்லாகிவிடும் என்று ஓரிரவு காத்திருந்தால், அது அழுகிக் கிளப்பும் அம்மோனியா உங்கள் அளவுத் தொட்டியில் மீன்களையும் விட்டுவைக்காது. எடுத்ததும் பாதித் தண்ணீரை மாற்றி, கார்பனையும் புதிதாகப் போடுங்கள்.