அபார்த் புன்டோவா, போலோ ஜிடியா? கையில் 8 லட்சம், வீட்டுக்கு ஒரே கார்

கேள்வி: மன்னார்குடியில் இருந்து தினமும் திருவாரூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சம்பளம் கைக்கு 45,000 ரூபாய். 3 ஏக்கர் நிலத்தை அப்பா பார்த்துக்கொள்கிறார். 5 லட்ச ரூபாய் ஏலச் சீட்டை எடுத்ததில் 4.2 லட்சம், சேமிப்பு 3.8 லட்சம், ஆக 8 லட்சம் இருக்கிறது. சீட்டில் இன்னும் 10 தவணை பாக்கி, மாதம் சுமார் 19,000 வரும். திருச்சியில் 2016 மாடல் ஃபியட் அபார்த் புன்டோ, 62,000 கி.மீ. ஓடியது, 6.4 லட்சம் சொல்கிறார்கள். காரைக்காலில் 2017 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 48,000 கி.மீ., 5.6 லட்சம். மனசு அபார்த்தில்தான் நிற்கிறது. பணம் பற்றாவிட்டால் அம்மாவின் நகையைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து 1 லட்சம் எடுக்கலாமா? வீட்டில் வேறு கார் இல்லை.

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கிடைப்பது பயிர்ச் செலவுக்கான கடன். அதைக் காருக்குத் திருப்புவது கடன் நிபந்தனைக்கே விரோதம். அடைக்கும் பணமும் மாதச் சம்பளத்தில் இருந்து வராது, அறுப்பில் இருந்துதான் வர வேண்டும். ஐப்பசி மழையில் கதிர் சாய்ந்தாலோ, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினாலோ நகையை மீட்பது அடுத்த போகத்துக்குப் போய்விடும். ஒரு காருக்காக அம்மாவை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது.

அடுத்து, கையில் இருப்பது 8 லட்சம்தானா என்று பாருங்கள். எடுத்த சீட்டு கடன்தான். இன்னும் 1.9 லட்சம் கட்ட வேண்டியிருக்கிறது. தவணையைச் சம்பளத்தில் கட்டிவிடலாம் என்றாலும், ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் சமாளிக்க 3 தவணைப் பணம் 57,000 ரூபாயைத் தனியே வையுங்கள். மீதி 7.43 லட்சம்தான் உங்கள் பட்ஜெட், அதுவும் காரின் விலைக்கு மட்டுமல்ல. வாங்கிய முதல் மூன்று மாதச் செலவும், திடீர் ரிப்பேருக்கான 1 லட்சமும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

அபார்த்தை எடுத்துக்கொள்வோம். 1.4 லிட்டர் டி-ஜெட் இன்ஜின், 145 குதிரைத்திறன், 5 ஸ்பீடு மேனுவல் கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஓட்டும் சுகத்தில் போலோ இதன் பக்கத்தில் நிற்காது, உங்கள் மனசு தப்பான இடத்தில் நிற்கவில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் உறுதியானவை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஃபியட்டின் இன்னொரு காரான லீனியா டி-ஜெட்டுக்கும் இதுவே இன்ஜின் என்பதால் ஃபில்டர், பெல்ட் போன்றவை கிடைத்துவிடும். ஆனால் முன் பம்பர், ஹெட்லைட், அபார்த்துக்கே உரிய சஸ்பென்ஷன் பாகம் என்று ஏதாவது போனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் நீங்கள் திருவாரூருக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் அபார்த்தையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். ரப்பர் வயதாலும் கெடும் என்பதால் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், அதை இறுக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் வகைகள், நான்கு டயர் எல்லாம் சேர்த்து 70,000, இன்சூரன்ஸ் 20,000, கையிருப்பு 1 லட்சம் என்று ஒதுக்கினால் இந்தக் காருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை 5.53 லட்சம். அவர்கள் கேட்பது 6.4. இந்த இடைவெளியை அடைக்கத்தான் நகை தேவைப்படுகிறது.

பெட்ரோலையும் பாருங்கள். மாதம் 1,200 கி.மீ., லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால், லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கும் அபார்த்துக்கு 12,240 ரூபாய். 13 கொடுக்கும் போலோவுக்கு 9,400. சீட்டும் பெட்ரோலும் போக, போலோ என்றால் சம்பளத்தில் 16,600 மிஞ்சும். அபார்த் என்றால் 14,000கூட மிஞ்சாது.

போலோவுக்கு வருவோம். 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன். பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். பயம் ஒன்றுதான்: 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இதன் இரட்டை கிளட்ச் எண்ணெயில் மூழ்கி ஓடுவதல்ல, உலர் கிளட்ச். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் அரை கி.மீ. ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடாகிக்கொண்டே இருக்கும். கியரை மாற்றிக் கொடுக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டும் கெடக்கூடியது. அது போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். மேலே சொன்ன 1 லட்சம் கையிருப்பு இதற்காகத்தான்.

ஆகவே இந்தக் காரை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலையில் நீங்கள் போகும் வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து 'டி'யில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விடுங்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போவதுபோல் மெதுவாக நகர வேண்டும். உதறக் கூடாது, இடிக்கக் கூடாது. ஏற்றமான இடத்தில் ரிவர்ஸிலும் இப்படியே பாருங்கள். பிறகு 40 நிமிடம் ஊருக்குள்ளேயே ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் கிளட்ச் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும்: 1ல் இருந்து 2, 2ல் இருந்து 3 மாறும்போது ஸ்டீயரிங் வரை அதிர்வு வரும். மீட்டரில் கியர் எழுத்து மின்னினாலோ, ஒன்றுவிட்டு ஒரு கியர் விழாமல் போனாலோ அப்படியே சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் 2,000, 3,000 கொடுத்து கியர்பாக்ஸின் பழுதுக் குறியீடுகளைப் படித்து வாங்குங்கள். முந்தைய நாள் அழித்து வைத்திருந்தாலும் 40 நிமிட ஓட்டத்தில் சில திரும்ப வந்துவிடும்.

அடுத்து நம்பர் பிளேட். பிஒய் 02 என்றால் காரைக்கால் பதிவு. திருவாரூர் மாவட்ட முகவரியில் உங்கள் பெயருக்கு மாற்ற, அங்கிருந்து படிவம் 28ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே புதுப் பதிவு எண்ணும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். வரி காரின் வயதுக்கேற்பக் குறையும். நான் 80,000 என்று கணக்கில் வைக்கிறேன், நீங்கள் ஆர்சி நகலோடு ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "காரைக்கால் முகவரியிலேயே பெயர் மாற்றிக்கலாம், வரி மிச்சம்" என்று தரகர் சொல்வார். பொய் முகவரியில் பதிவான காருக்கு நாளைக்கு விபத்து இழப்பீடு கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை, நீங்கள்தான்.

வரி 80,000, இன்சூரன்ஸ் 18,000, சர்வீஸும் டயரும் 45,000, கையிருப்பு 1 லட்சம். ஆக போலோவுக்கு உச்ச விலை 5 லட்சம். 5.6ல் இருந்து இறக்க வரிக் கணக்கே போதும். எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நம் பக்கத்தில் எந்தப் பழைய காரானாலும் தண்ணீரில் நின்றதா என்று பார்த்தே ஆக வேண்டும். காரைக்கால் கடலோரம் வேறு. சீட் பெல்ட்டை முடிவு வரை இழுங்கள்; வெள்ளம் பார்த்த காரில் கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக வண்டல் கோடு இருக்கும். முன் இருக்கை ஓடும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் சேறு, தரைவிரிப்பைத் தூக்கினால் புழுங்கல் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். வயரிங் கோளாறு ஆறு மாதம் கழித்துத்தான் வரும், வந்தால் தீராது. கீழே குனிந்து சைலன்சர் பக்கம் வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். சாலையில் நெல் காயும் மாதங்களில் அது சூட்டில் பற்றிக்கொள்ளும். வாங்கிய பிறகும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பவரை ஏற்ற இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்திருக்கிறதா என்று இரண்டு விற்பனையாளரிடமும் நேராகக் கேளுங்கள். இந்த இரண்டு காரிலும் அது சகஜம். கிளட்ச் ஆயுளும் குறையும், இன்சூரன்ஸிலும் வில்லங்கம்.

கியர்பாக்ஸ் தேறி, விலை 5 லட்சத்துக்கு இறங்கினால் போலோவை வாங்குங்கள். இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் சீட்டு முடியும் வரை பத்து மாதம் பொறுங்கள். அப்போது மாதம் 19,000 கையில் நிற்கும், இதே ரகத்தில் வேறு கார்களும் வரும்.

அட்வான்ஸ் 10,000க்கு மேல் கொடுக்காதீர்கள். பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் அபராத பாக்கி, கடன் அடமானம் இரண்டையும் பாருங்கள். அடமானம் இருந்தால் வங்கிக் கையெழுத்தோடு அடமான நீக்கத்துக்கான படிவம் 35 வேண்டும். மீதிப் பணம் தடையில்லாச் சான்று கைக்கு வந்த பிறகு, வங்கி வழியாக மட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது என்று விற்பவருக்கே சொல்லுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இழப்பீடு கேட்காததற்காக விற்பவருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். 18,000ல் அதையும் சேர்த்திருக்கிறேன்.