சின்னத் தோட்டா, மெதுவான குண்டு: ஆக்‌ஷன் தேர்வு பற்றிச் சில கேள்விகள்

ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் குண்டுக்கென்று துப்பாக்கி கட்டுவோரின் கேள்விகள் இம்முறை நிறைய. பிராண்டைக் கேட்கிறவர்கள்தான் அதிகம். ஆக்‌ஷன் என்பது குழலும் கட்டைப் பிடியும் (ஸ்டாக்) மாட்டப்படும் நடுப்பகுதி; தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் அதற்குள்தான் ஓடும். தோட்டாவின் அடி உட்காரும் போல்ட் முகத்தையும், தோட்டாக்கள் வைக்கும் பெட்டியான மேகசினையும் முதலில் பாருங்கள். பிராண்ட் அப்புறம்.

கேள்வி: என்னிடம் ரெமிங்டன் 700 குட்டை ஆக்‌ஷன் இருக்கிறது, இப்போது .308. குழலை மட்டும் மாற்றி .300 பிளாக்அவுட் ஆக்கலாமா?

குழல் மட்டும் போதாது. (.300 பிளாக்அவுட் என்பது 0.308 அங்குலக் குண்டைச் சின்னக் கூட்டில், அதாவது சின்னப் பித்தளை உறையில், வைத்த தோட்டா.) .308 தோட்டாவின் அடிவிளிம்பு 0.473 அங்குலம். பிளாக்அவுட்டின் அடி .223-இன் அடியேதான், 0.378 அங்குலம். போல்ட் முகத்தின் பெரிய குழியில் சின்ன அடி தொளதொளவென்று ஆடும், கூட்டை வெளியே இழுக்கும் நகமான எக்ஸ்ட்ராக்டருக்குப் பிடி கிடைக்காது. புதுப் போல்ட் வாங்கும் செலவில் .223-க்கென்றே வந்த பழைய துப்பாக்கி ஒன்றைத் தேடிப் பிடித்துவிடலாம்.

அடுத்த தொல்லை மேகசினில். இந்த ஆக்‌ஷனின் பெட்டி 2.8 அங்குலத் தோட்டாவுக்கு அளவெடுத்தது. பிளாக்அவுட்டின் முழு நீளம் அதிகபட்சம் 2.26 அங்குலம். அரை அங்குலத்துக்கு மேல் காலியிடம் இருப்பதால் தோட்டா முன்னும் பின்னும் நழுவும். மூக்கு கீழே சாய்ந்து, குழலுக்குள் ஏற்றிவிடும் சரிவில் முட்டும், அல்லது போல்ட் அதன் முதுகின்மேல் ஏறிப் போய்விடும். பெட்டியின் பின்சுவரில் தடுப்புக்கட்டை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கழற்றி மாட்டும் மேகசின் அமைப்புக்கு மாறி, உள்ளே அடைப்பு வைத்த .223 மேகசினைப் போடுவது இன்னும் சுத்தமான வழி. மேடையில் வைத்து நிதானமாகச் சுடுகிறவருக்கு மேகசினே வேண்டாம். ஒற்றைத் தோட்டா வைக்கும் தட்டு போதும்.

.223-ஐ அடிப்படையாக எடுத்தவர்கள் ஒன்றில் கறாராக இருக்க வேண்டும். .223 சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) பிளாக்அவுட் தோட்டா சில சமயம் நுழைந்து, போல்ட்டும் மூடிவிடும். 0.308 அங்குலக் குண்டு 0.224 அங்குலக் குழலுக்குள் போக முடியாது. துப்பாக்கி வெடித்துச் சிதறும். இரண்டும் வைத்திருக்கும் வீட்டில் மேகசின்களுக்கு வேறு வேறு நிறப் பட்டை ஒட்டுங்கள், ஒரே மேசையில் இரண்டு தோட்டாப் பெட்டிகளையும் திறக்காதீர்கள்.

கேள்வி: அவ்வளவு சிரமம் எதற்கு? .308 தோட்டாவிலேயே மருந்தைக் குறைத்தால் ஆகாதா?

ஓடும், ஆனால் சீராக ஓடாது. பெரிய கூட்டில் கொஞ்சம் மருந்து போட்டால் மீதி வெற்றிடம். துப்பாக்கியை மேலே சாய்த்துப் பிடித்தால் மருந்து பின்னால் தங்கும், கீழே சாய்த்தால் முன்னால் ஓடும். பற்றும் விதம் ஒவ்வொரு வெடிக்கும் மாற, வேகமும் மாறும். சின்னக் கூடு இந்த வெற்றிடத்தைக் குறைக்கிறது. பிளாக்அவுட்டின் கூடு 1.368 அங்குலம்தான்.

குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்களின் திருப்பம், இன்னொரு காரணம். 220 கிரெயின் (சுமார் 14 கிராம்) குண்டு நீளமானது. மெதுவாகப் போகும்போது அதை நிலைநிறுத்த 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அல்லது 7-க்கு ஒன்று தேவை. பழைய .308 குழல்கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் குண்டு குப்புற விழுந்து, காகித இலக்கில் சாவித்துவார வடிவில் ஓட்டை போடும்.

கேள்வி: சி.இசட். 527-ஆ, ஹோவா மினியா?

இரண்டுமே சின்னத் தோட்டாவுக்கென்று பிறந்தவை, மேகசின் தகராறு இல்லை. 527 ஒரு குட்டி மௌசர்: நீண்ட நக எக்ஸ்ட்ராக்டர், எஃகு மேகசின். அந்த மேகசின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும், சரியாகக் கைப்பிடிக்கும் இடத்தில். சிலருக்கு அது ஒத்துவராது. 527 தயாரிப்பு நின்றுவிட்டது, 2021-இல் வந்த 600 வரிசை அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. பழையதுதான் தேட வேண்டும். ஹோவா மினியின் போல்ட் அதன் வழக்கமான குட்டை ஆக்‌ஷனைவிட ஏறத்தாழ 12 சதவீதம் நீளம் குறைவு. பிளாஸ்டிக் மேகசின். ஆனால் ஹோவாவின் ஆலைக் குழல் கழற்ற அடம்பிடிக்கும், பட்டறையில் அதற்கான பிடிகருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இரண்டும் .300 பிளாக்அவுட்டிலேயே ஆலையிலிருந்து வந்திருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் கட்டும் வேலையே மிச்சம்! 7.62×39-இல் கிடைப்பதை வாங்கி மெதுக்குண்டு போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அதன் முறுக்கைப் பார்க்கவும்.

கேள்வி: சாவேஜ் துப்பாக்கியில் குழலை நாமே மாற்றலாம் என்கிறார்கள். உண்மையா?

உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுத்தால், ஆம். சாவேஜில் குழலை இறுக்குவது ஒரு நட்டு. போல்ட் தலை தனித்துண்டு என்பதால் 0.473 தலையைக் கழற்றி 0.378 தலை மாட்டவும் முடியும். கையில் உள்ள ஆக்‌ஷனின் அடி அளவு பொருந்தாதவர்களுக்கு இதுதான் மலிவான வழி.

தவறு நடப்பது ஹெட்ஸ்பேஸில், அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியில். 'கோ' அளவியை (குறைந்தபட்ச அளவுக் கட்டை; 'நோ கோ' அதைவிடச் சற்று நீளம்) சேம்பரில் வைத்து, போல்ட்டை மூடி, குழல் அதில் மெல்லத் தொடும்வரை திருகி, பிறகு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது குழலும் கூடவே ஒரு முடியளவு திரும்பிவிடும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. அதனால் இறுக்கிய பிறகு மறுபடி சோதனை: 'கோ'-வில் போல்ட் மூட வேண்டும், 'நோ கோ'-வில் மூடக் கூடாது. கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அது தள்ளிக்கொண்டிருந்தால் விரலுக்கு உணர்வு தெரியாது. அளவிக்குப் பதில் தோட்டாவை வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பழைய மார்ட்டினி கேடட் ஒன்று கிடைக்கிறது. அடிப்படையாக எடுக்கலாமா?

அழகான ஆக்‌ஷன். பள்ளி மாணவர் படைக்கென்று .310 தோட்டாவில் வந்தது. விளிம்புள்ள தோட்டாவுக்கு ஏற்ற எக்ஸ்ட்ராக்டர் என்பதால் .22 ஹார்னெட், .357 போன்றவை இயல்பாகப் பொருந்தும், விளிம்பில்லாததற்கு மாற்றியமைக்க வேண்டும். தோட்டாவைப் பற்றவைக்க அடிக்கும் ஊசி வரும் துளை பெரியது. அழுத்தம் கூடிய தோட்டா போட்டால் பிரைமர் (தோட்டா அடியில் ஊசி அடிக்கும் பற்றவைப்பு மூடி) அந்தத் துளைக்குள் பிதுங்கும், உள்ளே சிறு வளையம் (புஷ்) போட்டுச் சிறிதாக்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்வது குழலின் வாயிலிருந்துதான்.

கேள்வி: .22 எல்.ஆரிலேயே (.22 லாங் ரைஃபிள் தோட்டா) நல்ல துப்பாக்கி கட்ட என்ன ஆக்‌ஷன்?

பாதிப் பேருக்கு இதுவே போதும். போட்டித் தோட்டாக்கள் எல்லாம் ஏறக்குறைய 320 முதல் 330 மீட்டர்/நொடி, எப்படியும் ஒலிக்குக் கீழே. ஆற்றல் மட்டும் சொற்பம்: 40 கிரெயினுக்குச் சுமார் 135 ஜூல். பிளாக்அவுட் 220 கிரெயினில் ஏறத்தாழ 675.

சி.இசட். 457-இல் குழலைப் பிடித்திருப்பவை இரண்டு சிறு திருகுகள், மாற்றுவது எளிது. ரெமிங்டன் 700-க்கான ஸ்டாக்கும் டிரிகரும் ஏற்கெனவே இருந்தால் வூடூ வி-22, ரிம்எக்ஸ், பெர்காரா பி-14ஆர் மூன்றும் அதில் உட்காரும். ரூகர் 77/22-இன் போல்ட் இரு துண்டு, நடுவில் தளர்வு இருக்கும். மெல்லிய ஷிம் தகடு வைத்துச் சரிசெய்வது வழக்கம். இந்தத் தோட்டாவில் ஹெட்ஸ்பேஸ் என்பது விளிம்பின் தடிமன், 0.043 அங்குலம். அதில் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு தளர்ந்தாலும் ஊசியின் அடி சீராக விழாது.

கேள்வி: வெயிலில் அமைதியாக இருந்த அதே தோட்டா குளிர்காலையில் 'பட்'டென்று கேட்கிறதே?

காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 0 டிகிரியில் 331. சராசரி 328 போகும் பெட்டியில் சில தோட்டாக்கள் 333 தொடும், அவைதான் அந்தச் சத்தம். ஆக்‌ஷனை மாற்றி இதற்குத் தீர்வு காண முடியாது, மெதுவான தோட்டா வாங்குங்கள்.

கேள்வி: 150 மீட்டருக்குப் பிளாக்அவுட்டின் மெதுக்குண்டு சரிவருமா?

தூரத்தைக் கருவியால் அளப்பவருக்குச் சரிவரும். 308 மீட்டர்/நொடியில் போகும் குண்டு 150 மீட்டரைக் கடக்க அரை நொடி, அதற்குள் குழலின் கோட்டிலிருந்து சுமார் 1.2 மீட்டர் விழுந்திருக்கும். 150-க்குச் சரிசெய்த துப்பாக்கியால் 160-இல் உள்ளதைச் சுட்டால் ஏறக்குறைய 10 செ.மீ. கீழே.

கேள்வி: இதையெல்லாம் இந்தியாவில் செய்யலாமா?

உரிமம் இல்லாமல் முடியாது. 1959-இன் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி தயாரிப்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். குழலைக் குட்டையாக்குவதற்கு 6-ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது. சொந்தத் துப்பாக்கியானாலும் உரிமம் பெற்ற பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.