லூபஸ் வந்த தங்கச்சி குளிசையே வேணாம்ங்கறா

கேள்வி: டாக்டர், தங்கச்சிக்கு 18 வயசு, ஏ.எல். படிக்கிறா. போன வருசம் லூபஸ்னு சொன்னாங்க. பிரட்னிசொலோன் குடிக்க ஆரம்பிச்சதும் மூஞ்சி உப்பிருச்சு, முடியும் கொட்டுது, கண்ணாடி மேல டவல போட்டு மூடி வச்சிருக்கா. ஸ்கூலுக்கு போறதில்ல, ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு எழும்பி உக்காந்துக்குவா. அம்மா கொழுந்து எடுத்துட்டு வந்து இவ படுத்து கெடக்குறத பாத்தா சோம்பேறின்னு ஏசுறாங்க, மாமா செய்வினைன்னு நூல் கட்டி விட்டாரு. இப்ப குளிசையே வேணாம்ங்கறா. என்ன செய்றது?
- ஒரு அக்கா, தலவாக்கலை

பதில்: மகள், மொதல்ல ஒன்னு, அந்த குளிசைய அவளா நிப்பாட்ட விட்றாதீங்க. பிரட்னிசொலோன் ஒரு ஸ்டீராய்டு மருந்து, அத தொடர்ந்து குடிக்கிறப்ப ஒடம்பு தானா சுரக்குற ஸ்டீராய்டு கொறஞ்சு போயிரும், திடீர்னு விட்டா பிரசர் எறங்கி மயங்கி விழலாம், லூபசும் திரும்ப கெளம்பி கிட்னிய பாதிக்கலாம். கொறைக்கிறதுன்னா டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமா தான்.

ஆனா அவ அந்த குளிசைய வெறுக்குறதுல ஞாயம் இருக்கு. தூக்கம் போறது, படபடப்பு, சும்மா சும்மா அழுகை, கோவம் எல்லாமே அதால வரும், நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல போனா இன்னும் கூட வரும். ராத்திரி குடிக்கிறாளான்னு பாருங்க, காலைல சாப்பிட்டுட்டு குடிச்சா தூக்கம் கொஞ்சம் பரவாயில்ல, நேரத்த மாத்த முந்தி கிளினிக்ல ஒரு வார்த்த கேட்டுக்கங்க. டோஸ் கொறைய கொறைய மூஞ்சி வீக்கமும் வத்திரும், இத யாராவது அவகிட்ட சொன்னாங்களா? 18 வயசு புள்ளைக்கு கிட்னி ரிப்போர்ட்ட விட கன்னம் தான் பெருசா தெரியும், அதுக்கு ஏசக்கூடாது.

குளிசை மட்டும் இல்ல, லூபஸ்ங்கறதே நம்ம எதிர்ப்பு சக்தி நம்ம ஒடம்பையே தாக்குற வருத்தம், அது மூளையையும் விடாது. 1999ல அமெரிக்க வாத நோய் டாக்டர்மார் சங்கம் லூபஸால மூளைக்கும் நரம்புக்கும் வர்ற 19 பிரச்சினைகள பட்டியல் போட்டப்ப மனச்சோர்வு, பதட்டம் ரெண்டும் அதுல இருந்துச்சு. அந்த அசதியும் தூங்கி எழும்பினா போற அசதி இல்ல. அம்மாவ ஒரு தடவை கிளினிக்குக்கு கூட்டிட்டு போயி டாக்டர் வாயாலயே கேக்க வைங்க. நூல் கையில இருந்துட்டு போகட்டும், மருந்து நிக்காம இருந்தா போதும்.

கிளினிக்ல என்ன நடக்குதுன்னா, டாக்டர் அவசரத்துல சிங்களத்துல கேப்பாரு, புள்ள "ஹொந்தய்", நல்லா இருக்குன்னு தலைய ஆட்டிட்டு வந்துரும். அதால நீங்க கூட போங்க. எப்ப இருந்து தூங்கல, எத்தன நாள் அழுதா, ஸ்கூல் எப்ப விட்டா எல்லாத்தையும் ஒரு துண்டுல எழுதி கிளினிக் கொப்பிக்குள்ள வச்சு நீட்டுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இப்பிடியே இருந்தா மனநல கிளினிக்குக்கு எழுதி தர சொல்லி கேளுங்க, அரசாங்க ஆஸ்பத்திரில அது இலவசம். சாகணும்னு நெனப்பு வருதான்னு நேராவே கேட்ருங்க, கேக்குறதால அந்த நெனப்பு புதுசா வராது. ஆமான்னா தனியா விடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, குளிசைய உங்க கையில வச்சுக்கங்க. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, ராவு பகலுன்னு எந்நேரமும் எடுக்கலாம். இல்லாதது காதுல கேக்குது, ஆளு தெரியாம பேசுறா, வலிப்பு வருதுன்னாலும் உடனே போகணும்.

வெயில் ஆகாதுன்னு ரூமுக்குள்ளயே வைக்காதீங்க, அது சோர்வ இன்னும் கூட்டும். மலையில ஒசரம் கூட கூட புற ஊதா கதிர் கூடும், மூடுபனிக்குள்ளயும் வரும், அதால குடை, முழுக்கை சட்டை, சன்கிரீம் போட்டு அந்தி நேரமா ஒரு கூட்டாளியோட நடக்க விடுங்க.

கேள்வி: எனக்கு 23 வயசு, ஆம்பள, லூபஸ் இருக்கு. டிப்ரெஷனுக்கு குளிசை எழுதி தந்தாங்க. குடிச்சா லூபஸ் கூடுமா, பழக்கமாயிருமா?
- ஹட்டன்

பதில்: லூபஸ் கூடும்னு பயப்பட வேணாம் தம்பி, செர்ட்ராலின் மாதிரி மருந்துக்கு அடிமையாகவும் மாட்டீங்க. வேல செய்ய சில வாரம் எடுக்கும், நல்லாயிட்டேன்னு நீங்களா திடீர்னு விட்றாதீங்க. லூபஸுக்கு குடுக்குற ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குடிக்கிறீங்கன்னா மனநல டாக்டர்கிட்ட சொல்லுங்க, சில குளிசை அதோட சேந்தா இதயத் துடிப்ப பாதிக்கலாம், ஒரு ஈசிஜி எடுத்து பாப்பாங்க.