வாங்குமுன் கேளுங்கள்: வெளி மேசையும் சக்குலன்ட் தொட்டியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் மொட்டைமாடி, பால்கனி, தோட்டத்து மேசைகளில் வைக்கும் சக்குலன்ட் (இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடி) தொட்டிகளைப் பற்றியவை. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மாடி மேசைக்காக நீலம், ஊதா, ரோஜா நிறங்களில் ஆறு சக்குலன்ட் வாங்கினேன். ஒன்று 250 ரூபாய். மூன்று வாரத்தில் நடுவிலிருந்து பச்சை இலை வருகிறது. தூறலில் நனைந்ததும் கூழாங்கல்லில் நீலம் இறங்கிவிட்டது. சத்துக் குறைபாடா? (பெரம்பூர்)

பதில்: குறைபாடு செடியில் இல்லை, விற்றவரிடம். அது பெயின்ட். சாதாரணப் பச்சை எச்சிவேரியாவையும் ஹாவோர்த்தியாவையும் சாயத்தில் முக்கியோ ஸ்பிரே அடித்தோ இரண்டு மடங்கு விலைக்குத் தள்ளுகிறார்கள். பூச்சுக்கு அடியில் இருக்கும் இலைக்கு வெளிச்சம் போய்ச் சேராது. கையிருப்பைத் தின்றே செடி உயிரோடு இருக்கும்.

தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். பெயின்ட்டோடு இலையின் மெழுகுப் படலமும் போய்விடும். பிரகாசமான நிழலில் வைத்து, மண் முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். நடுவில் வரும் பச்சை இலைகள் பத்துப் பன்னிரண்டு ஆகிவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும். வண்ண இலைகள் அடியிலிருந்து தாமாக உதிரும்.

அடுத்த முறை கடையில் இலையின் அடிப்புறத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பெயின்ட் செதிலாக வரும். தண்டு, இலை தண்டோடு சேரும் இடுக்கு, மண் எல்லாம் ஒரே நிறமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். செடியின் சொந்தச் சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் இலை ஓரத்திலும் நுனியிலும் அடர்ந்து, உள்ளே போகப்போக வெளிறும். சாம்பல் கலந்த நீலப் பொடி மட்டும் விதிவிலக்கு. அது செடியே சுரக்கும் மெழுகு, விரல் பட்டால் அழியும்.

பில் இருக்கிறதா? பூச்சுப் பூசியதைச் சொல்லாமல் விற்றது ஏமாற்றுதான். சாயம் இறங்கிய கல்லைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: நீல நிற, முயல் காது வடிவ சக்குலன்ட் விதை, 100 எண்ணம் 199 ரூபாய் என்று இணையத்தில் பார்த்தேன். வாங்கலாமா? (திருப்பூர்)

பதில்: வேண்டாம். படத்தின் நிறம் கணினியில் ஏற்றியது. முயல் காதுச் செடி உண்மையில் உண்டு; அது தென்னாப்பிரிக்காவின் மோனிலாரியா, நிறம் பச்சை. அதன் விதை தூசி மாதிரி இருக்கும். உங்களுக்கு வரும் பொட்டலத்தில் கடுகளவு உருண்டை எதையாவது பார்த்தால் வேறெதுவோ முளைக்கப்போகிறது என்று பொருள்.

கேள்வி: கள்ளியின் உச்சியில் மஞ்சள் பூ. இரண்டு மாதமாக வாடவேயில்லை. அபூர்வ ரகமா? (காரைக்குடி)

பதில்: சூட்டுப் பசையில் ஒட்டிய காய்ந்த பூ. தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கும். பிய்த்து எடுத்தால் முள் பகுதியும் சேர்ந்து வரும். மேலாக வெட்டிவிட்டு மீதியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீடியோவில் காட்டியபடி அழகான கண்ணாடிக் கிண்ணத்தில் கீழே கூழாங்கல் 2 அங்குலம், மேலே கரி, அதன்மேல் மண் போட்டு ஐந்து செடி வைத்தேன். வாரம் ஒருமுறைதான் தண்ணீர். இருந்தும் அடித்தண்டு கறுத்து அழுகுகிறது. கரி தரம் குறைந்ததா? (நாகர்கோவில்)

பதில்: கரியை விட்டுவிடுங்கள், பாவம். ஓட்டையில்லாத பாத்திரத்தை 'சக்குலன்ட் பௌல்' என்று பெயர் ஒட்டி விற்பதுதான் இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய மோசடி. சட்டப்படி மோசடி இல்லை, அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

கீழே கல் போட்டால் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். இறங்காது. நுண்ணிய மண் துகள்களுக்கு இடையே தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் இழுவிசை உண்டு. மேல் மண் முழுதும் நிரம்பிச் சொட்டச்சொட்ட ஆனால்தான் கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்குள் நீர் விழும். நனைத்த ஸ்பாஞ்சைத் தட்டையாகப் பிடித்தால் கீழ்ப்பகுதி எவ்வளவு நேரம் ஊறியே இருக்கிறது என்று பாருங்கள், அதேதான். ஆக, 2 அங்குலக் கல் என்ன செய்கிறது? அந்த ஊறிய பகுதியை 2 அங்குலம் மேலே, வேருக்கு நெருக்கமாகத் தூக்கி வைக்கிறது. கல்லுக்குள் விழுந்த கொஞ்சநஞ்ச நீரும் வெளியேற வழியில்லை. வெயிலில் கண்ணாடி சூடேறும், அந்த ஈரம் வேரை வேகவைக்கும். கரி இதில் எதையும் மாற்றாது.

வழி இதுதான். 30 சென்டிமீட்டர் அகலக் கிண்ணமென்றால் அடியில் 10 முதல் 12 மில்லிமீட்டர் அளவில் குறைந்தது மூன்று ஓட்டை. மேலே கொசுவலைத் துண்டு, அவ்வளவுதான். ஓட்டுச்சில்லு அடுக்க வேண்டாம். சுடுமண் தொட்டியை இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, சுவருக்குப் போடும் டிரில் பிட்டால் மெதுவாகத் துளைக்கலாம். பீங்கானுக்கு டைல்ஸ் துளைக்கும் வைரமுனை பிட் வேண்டும். டிரில்லில் சுத்தியல்போல இடிக்கும் இயக்கத்தை அணைத்துவிட்டு, துளையிடும் இடத்தில் டேப் ஒட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே துளையுங்கள். கண்ணாடியைத் துளைக்கப் பார்க்காதீர்கள். என் வீட்டில் 1,400 ரூபாய்ப் பீங்கான் கிண்ணம் ஒன்று சாவிக்கொத்து போடத்தான் பயன்படுகிறது. உங்கள் கண்ணாடிக் கிண்ணத்துக்கும் அப்படி ஒரு வேலை தேடுங்கள்.

மண்ணையும் மாற்றுங்கள். 30 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழக் கிண்ணத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் கலவை பிடிக்கும். தூசி சலித்த 3 முதல் 6 மில்லிமீட்டர் செங்கல் துண்டு இரண்டரை லிட்டர், கழுவிய கரட்டு ஆற்று மணல் ஒண்ணேகால் லிட்டர், நன்கு மக்கிய இலைமட்கு அல்லது மண்புழு உரம் ஒண்ணேகால் லிட்டர். எம்-சாண்ட் என்றால் கழுவும்போது பால்போல வரும் மாவு முழுக்கப் போகவேண்டும், இல்லையென்றால் இறுகிவிடும். நர்சரியிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றியிருக்கும் தென்னை நார்க்கழிவை உதிர்த்துவிட்டு நடுங்கள். அது உள்ளே நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். அதுதான் தொல்லை.

கேள்வி: அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து ஏப்ரல் மாதம் 12 எச்சிவேரியா ஆன்லைனில் வாங்கி, அன்றே நட்டு, நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மாடி மேசையில் வைத்தேன். பத்து நாளில் எல்லாம் கூழ். பணம் திரும்பக் கிடைக்குமா? (மதுரை)

பதில்: எந்த முகத்தோடு கேட்பது? எச்சிவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மேட்டுநிலச் செடி. பகலில் வெயில் வாங்கினாலும் இரவில் குளிர் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது செழிக்கும். மதுரையில் ஏப்ரல் வெயில், வெந்த தளம், கூரியரில் நசுங்கிய வேர், அதற்குமேல் ஒரு குளியல். நான்கில் ஒன்றாவது தவிர்த்திருக்கலாம்.

விற்பனைப் பக்கத்தில் 'நேரடி வெயிலுக்கு ஏற்றது', 'எல்லா ஊருக்கும் ஏற்றது' என்று எழுதியிருந்தால் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கலிம்போங் போன்ற மலையூர் நர்சரிகள் மண்ணில்லாமல் வேரோடு காகிதத்தில் சுற்றித்தான் அனுப்புகின்றன, அது தவறில்லை. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அழுகிய வேரை வெட்டி, நிழலில் மூன்று நான்கு நாள் காயவிட்டு, காய்ந்த கலவையில் நடுங்கள். ஐந்து முதல் ஏழு நாள் கழித்தே முதல் தண்ணீர். வெயிலுக்குப் பழக்க இன்னும் பத்து நாள்: காலை ஒரு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். வாங்கவேண்டிய மாதம், சமவெளி ஊர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை.

கேள்வி: அப்படியானால் சென்னை வெயிலில் திறந்த மேசைக்கு எதைத்தான் வாங்குவது? (அண்ணா நகர்)

பதில்: முழு வெயிலுக்கு அடீனியம், யூஃபோர்பியா மிலி, சோற்றுக்கற்றாழை, டேபிள் ரோஸ். கடைசியாகச் சொன்னது வெயிலில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். மாலை டீக்கு மட்டும் மேசையில் உட்காருபவர்கள் மூடிய மொட்டைத்தான் பார்ப்பீர்கள். காலை வெயில் மட்டும் விழுந்தால் போர்ச்சுலகாரியா, கிராப்டோபெட்டலம், குட்டை சான்செவேரியா. கூரைக்குக் கீழ், வெளிச்சம் மட்டும் என்றால் ஹாவோர்த்தியா, காஸ்டீரியா.

இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள். அடீனியத்துக்குத் தேவையான வெயிலில் ஹாவோர்த்தியா செங்கல் நிறமாகச் சுருங்கும். கடையில் தயாராகக் கிடைக்கும் கலவைக் கிண்ணங்களில் இந்தத் தப்புதான் அதிகம். அங்கே பார்க்க அழகாக இருப்பது போதும் அவர்களுக்கு.

30 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு 2 அங்குலத் தொட்டிச் செடி ஐந்து முதல் ஏழு போதும், நடுவே இரண்டு விரல் இடைவெளியோடு. சாப்பாட்டு மேசையென்றால் தொட்டியும் செடியும் சேர்ந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, எதிரே இருப்பவர் முகம் மறையும். மேலே ஒரு சென்டிமீட்டர் கரட்டுக் கல் பரப்புங்கள். வண்ணக் கல் சாயம் விடும், வெள்ளை மார்பிள் சில்லு மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். பசையால் ஒட்டிய கல் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

மே மாதம் அடீனியம் தவிர மற்றவற்றுக்கு 50 சதவீதப் பச்சை வலை கட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாத் தொட்டியும் கூரைக்கடியில்.

கேள்வி: கண்ணாடி மேல்பலகை போட்ட வெளி மேசையில் 14 அங்குல சிமென்ட் கிண்ணம் வைக்கலாமா? (கோவை)

பதில்: மேசை எத்தனை கிலோ தாங்கும் என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லவில்லையென்றால் வைக்காதீர்கள். ஈரக் கலவை லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ, கிண்ணத்துக்குள் ஏழெட்டு லிட்டர் போகும், சிமென்ட்டின் எடை தனி. 20 கிலோவை நெருங்கும். ஃபைபர் கிண்ணமும், செங்கலுக்குப் பதில் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகளும் எடையைப் பாதியாவது குறைக்கும். எதை வைத்தாலும் அடியில் 5 மில்லிமீட்டர் ரப்பர் கால்கள் வேண்டும். புதுச் சிமென்ட் கிண்ணத்தை ஒரு வாரம் நீரில் ஊறப்போட்டு, தினமும் நீர் மாற்றிவிட்டு நடுங்கள். அதன் சுண்ணாம்புக் காரம் வேருக்கு ஆகாது.

கேள்வி: 'துருப்பிடிக்காது' என்று சொல்லி விற்ற இரும்புத் தொட்டி இரண்டு வாரத்தில் துருவேறி, புதுத் தேக்கு மேசையில் கறுப்பு வட்டம் விழுந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். (தஞ்சாவூர்)

பதில்: அந்த அச்சு வரியைப் பார்த்து அடங்கிப்போகிறவர்கள் இருப்பதால்தான் அதை அச்சிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். நீங்கள் 30 நாளுக்குள்தான் இருக்கிறீர்கள், இன்றே எழுதுங்கள்.

தொட்டி, துரு, மேசைக் கறை, பில், விளம்பரம் அனைத்தையும் தேதியோடு படமெடுங்கள். கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம், பதிலுக்கு 15 நாள் கெடு. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். மேசைக் கறைக்கான செலவையும் சேர்த்துக் கேளுங்கள். ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு: தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கறையைப் படமெடுத்த பிறகு நீக்கலாம். லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம், கையுறை கட்டாயம். கறைமேல் மட்டுமல்ல, பலகை முழுக்கத் தடவி, 20 நிமிடம் கழித்து நன்றாகக் கழுவுங்கள். கறைமேல் மட்டும் தடவினால் வெளுத்த திட்டு விழும்.

கேள்வி: தண்ணீர் மேசையில் ஒழுகாமல் இருக்க அடித்தட்டு வாங்கினேன். போதுமா? (புதுச்சேரி)

பதில்: தண்ணீர் விட்ட அரைமணியில் தட்டைக் கொட்டுவீர்களானால் போதும். மாட்டீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் அதில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். தொட்டியைக் கீழே இறக்கித் தண்ணீர் விட்டு, வடிந்ததும் மேசையில் ஏற்றுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தையும் நாயும் இருக்கிறார்கள். தாழ்வான டீ மேசைக்கு எது வாங்க? (ஓசூர்)

பதில்: ஹாவோர்த்தியா. யூஃபோர்பியா, திருகுகள்ளி, அடீனியம், கலஞ்சோ நான்கையும் அந்த மேசையில் வைக்காதீர்கள். முதல் இரண்டின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மற்ற இரண்டும் தின்றால் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு.

கேள்வி: நர்சரியிலிருந்து வந்த செடியில் பஞ்சுபோல வெள்ளை. (திருச்சி)

பதில்: மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாக எடுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பொடி பூத்த இலைகளில் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். வேரிலும் இருக்கும், தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கடையிலேயே கவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: பில்லில் செடிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா? (சேலம்)

பதில்: உயிர்ச்செடிக்கு ஜிஎஸ்டி இல்லை. தொட்டிக்கு, அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்து, இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் போட்டு வேறு பில் தரச் சொல்லுங்கள்.